இரண்டு நாய் உள்ள வீட்டுக்கு எந்தக் காப்பீடு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி பெருக்கெடுத்து ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றது. அப்படித் தண்ணீர் தேங்கி வடியும் காலத்தில் நாய் வளர்ப்பவர்கள் முதலில் பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சலுக்கு. லெப்டோஸ்பைரா என்ற அந்தக் கிருமி, எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக நாய்க்கு வரும். அந்த நாயின் சிறுநீர் வழியாக அதே முற்றத்தில் படுத்திருக்கும் அடுத்த நாய்க்கும், கழுவிவிடும் வீட்டுக்காரருக்கும்கூடப் போகும். சிறுநீரகத்தையும் கல்லீரலையும் அடிக்கும் நோய் அது.

இப்போது ஒரு நாய்க் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, 'எதற்கெல்லாம் பணம் கிடையாது' என்று போட்டிருக்கும் பக்கத்தைப் படியுங்கள். ரேபிஸ், டிஸ்டெம்பர், லெப்டோ போன்றவை பெரும்பாலும் அங்கே இருக்கும். தடுப்பூசி உரிய தேதியில் போட்டிருந்தால் மட்டுமே விதிவிலக்கு.

ஒரு நாய் வளர்க்கும் வீட்டையும் மூன்று நாய் வளர்க்கும் வீட்டையும் பிரிப்பது இந்தத் தொற்றுநோய்கள்தான். மூன்று நாய் என்றால் செலவு மூன்று மடங்கு, அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தச் செலவு ஒரே வாரத்தில் சேர்ந்து வரும். பார்வோ வைரஸ் ஒரு குட்டிக்கு வந்தால், தடுப்பூசி போடாத அடுத்த குட்டியும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வாந்தியும் ரத்தப்போக்குமாகப் படுத்துவிடும். இரண்டுக்கும் நாள் கணக்கில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும் என்பதால், அடுத்து வாங்கி வரும் குட்டியையும் அது பிடிக்கலாம். உண்ணிக் காய்ச்சலும் அப்படியே. பழுப்பு உண்ணி சுவர் விரிசலில் ஒளிந்து முட்டையிட்டு, எந்த நாய் கிடைக்கிறதோ அதன்மேல் ஏறும். ஆகவே பல நாய் வீட்டில் முதல் காப்பீடு தடுப்பூசிதான். செவன்-இன்-ஒன், ரேபிஸ் ஊசிகளை எல்லா நாய்க்கும் ஒரே மாதத்தில் போட்டுவிட்டால், ஒன்றின் தேதி தவறிப்போகும் பிரச்சினை இல்லை. ஒரு நாயின் ஊசி விட்டுப்போனால், அந்த நாயின் கிளெய்ம் போவதோடு மற்ற நாய்களுக்கும் ஆபத்து.

சரி, பாலிசிக்கு வருவோம். இந்தியாவில் கிடைப்பவை பிறப்பிலேயே இரண்டு வகை. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் நாய்க் காப்பீடு, மாட்டுக் காப்பீட்டின் வழியில் வந்தது. அடிப்படையில் அது இறப்புக்கான காப்பீடு. விபத்திலோ நோயிலோ நாய் செத்தால் அதன் மதிப்பைத் தரும்; வைத்தியச் செலவைத் தருவது அதன் முதல் நோக்கமல்ல. தனியார் நிறுவனங்களின் பாலிசி பிறகு வந்தது. 2020-ல் பஜாஜ் அலையன்ஸ் கொண்டுவந்ததில் அறுவைச் சிகிச்சையும் மருத்துவமனைச் செலவும் அடிப்படை. இறப்பு, காணாமல் போதல், தேர்ட் பார்ட்டி பொறுப்பு ஆகியவற்றைத் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி பிரீமியம் எவ்வளவு என்பதல்ல. பணம் நாய் செத்தால் வருமா, பிழைக்க வைக்க வருமா என்று கேளுங்கள்.

நம் பக்கத்து நாய்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்துக் கன்னியும் பக்கத்து மாவட்டத்துச் சிப்பிப்பாறையும் பெரும்பாலும் தெரிந்தவர் வீட்டிலிருந்து கைமாறி வருபவை. ரசீது கிடையாது, கென்னல் கிளப் சான்றிதழ் கிடையாது. மருத்துவர் எழுதித் தரும் மதிப்புதான் காப்பீட்டுத் தொகை. உதாரணத்துக்கு, ரூ.20,000 மதிப்புக்கு 5 சதவீதக் கணக்கில் பார்த்தால் ஆண்டுக்கு ரூ.1,000 கட்ட வேண்டும். அந்த நாய்க்குக் கால் முறிந்து பிளேட் வைக்க ஆகும் செலவில் அந்தப் பாலிசி ஒரு பைசா தராமல் போகலாம். தெருவில் எடுத்து வளர்த்த நாய் என்றால், அதைச் சேர்ப்பார்களா என்பதையே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சுவீடனில் நாய்களுக்குக் காப்பீடு எடுப்பது நூறாண்டு வழக்கம். அங்கே பெரும்பாலான நாய்களுக்குப் பாலிசி உண்டு. பெரும்பாலோர் கட்டுவதால் வைத்தியச் செலவு பலரிடையே பகிரப்படுகிறது. இங்கே எடுப்பவர்கள் குறைவு, அதனால் நிபந்தனைகள் இறுக்கம். இன்றைய நிலையில் எல்லா நாய்க்கும் ஒரே பாலிசி எடுப்பது நல்ல யோசனையல்ல என்பது என் உறுதியான கருத்து.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயது லாப்ரடார், ஐந்து வயது கன்னி, தெருவிலிருந்து வந்த ஒன்பது வயதுக் கிழட்டு நாய். பல தனியார் பாலிசிகள் ஏழு வயதுக்கு மேல் புதிதாகச் சேர்க்காது, பத்து வயதோடு நிறுத்தும். கிரேட் டேன் போன்ற ராட்சத இனங்களுக்கு வரம்பு இன்னும் குறைவு. ஆகவே கிழட்டு நாய் கணக்கிலேயே வராது. அதற்கென்று வங்கியில் மாதாமாதம் ஒரு ஆர்.டி. போடுங்கள். லாப்ரடார் இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் உடல் பருமனும் சகஜம், எதையும் விழுங்கும் குணம் வேறு. அறுவைச் சிகிச்சைச் செலவு தரும் பாலிசி அதற்குத்தான் தேவை. ஆனால் பிறவிக் கோளாறு, பாலிசிக்கு முன்பே இருந்த நோய் இவற்றைத் தள்ளும் வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து. கன்னி ஓடும் நாய். அதற்கு விபத்துதான் பயம். காப்புத் தொகை குறைவாக இருந்தாலும் விபத்துச் சிகிச்சை உள்ளதாகப் பாருங்கள்.

மூன்றையும் சேர்த்தால் தள்ளுபடி என்று ஏஜெண்ட் சொல்வார். தேவையில்லாத நாய்க்குக் கட்டும் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைத்து என்ன பயன்? அதைவிட இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். காப்பீட்டுத் தொகை ஒவ்வொரு நாய்க்கும் தனியா, எல்லாவற்றுக்கும் பொதுவா? ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் கையிலிருந்து போட வேண்டிய தொகை எவ்வளவு? ஒரே நோய் இரண்டு நாய்க்கு வந்தால் அந்தத் தொகையை இரண்டு முறை கழிப்பார்கள்.

பல நாய் வீட்டுக் கிளெய்ம் சிக்குவது பெரும்பாலும் அடையாளத்தில். துறைமுகத்தில் கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: ஒரே மாதிரி ஆயிரம் மூட்டை இருந்தாலும் குறியும் எண்ணும் இல்லாத மூட்டைக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கறுப்புக் கன்னிகளும் காகிதத்தில் அப்படித்தான். தோலுக்கடியில் போடும் மைக்ரோசிப்பின் 15 இலக்க எண் அந்தக் குறியைத் தரும். சிப் போட்ட நாய்க்குப் பிரீமியத்தில் 5 சதவீதம் குறைத்த பாலிசியும் உண்டு. சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்குச் சிப்பைக் கட்டாயமாக்கியது. மற்ற ஊர்களும் அந்த வழிக்கு வரும் என்றே தோன்றுகிறது.

ஆஸ்பத்திரி பில்லையும் கவனியுங்கள். டாக்டரை வீட்டுக்கு அழைத்து எல்லா நாய்க்கும் சேர்த்துப் பார்த்தால், 'நாய் 2, ஊசி, மருந்து' என்று ஒரே வரியில் எழுதித் தந்துவிடுவார். அந்தச் சீட்டு கிளெய்முக்கு உதவாது. நாயின் பெயர், சிப் எண், நோய், தேதி, டாக்டரின் கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவு எண், இவை ஒவ்வொரு நாய்க்கும் தனிச் சீட்டில் இருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லுங்கள். மாட்டாஸ்பத்திரியில் போட்டாலும் அட்டையில் கையெழுத்தும் முத்திரையும் கேட்டு வாங்கலாம். ராமையன்பட்டியில் இருக்கும் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனால் அங்கே தரும் கேஸ் ஷீட்டின் நகலைப் பத்திரமாக வையுங்கள்.

தேர்ட் பார்ட்டி பொறுப்பை மட்டும் எல்லா நாய்க்கும் எடுக்கலாம் என்பேன். இரண்டு நாயை ஒரே ஆள் பிடித்துக்கொண்டு முத்துநகர் கடற்கரைக்குப் போகும்போது ஒன்று இழுத்தால் மற்றதும் இழுக்கும். யாரையாவது கடித்துவிட்டால் வைத்தியச் செலவோடு முடியாது. கவனக்குறைவாக விலங்கை விட்டதற்குப் பாரதிய நியாய சம்ஹிதாவின் 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அபராதத்தைக் காப்பீடு தராது. கடிபட்டவருக்குத் தர வேண்டிய நஷ்டஈட்டைத்தான் தரும். வீட்டு ஆளைக் கடித்தாலும், நம் நாயே நம் மற்ற நாயைக் குதறினாலும் பாலிசியின் தேர்ட் பார்ட்டி பிரிவில் பொதுவாகப் பணம் வராது. வீட்டு நாய்களின் சண்டைக் காயம் சிகிச்சைப் பிரிவில் வருமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாய் இறந்தால் அடக்கம் செய்வதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனைச் சான்றும் புகைப்படமும் கேட்பார்கள். கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மறுப்புக் கடிதம், பாலிசி நகல், அந்த நாயின் தனிச் சீட்டுகள் இருந்தால் போதும்.