திரையும் தரவும்

கணினித் திரையில் ஒரு பெயரைக் கண்டால் அஃது அங்கேயே இருப்பதாக எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. நினைவகத்தில் இருக்கும் பொருள் வேறு. அதைக் காட்டும் பெட்டி வேறு. இவ்விரண்டையும் சேர்த்துக் கட்டுவதே தரவுப் பிணைப்பு. அக்கட்டு எங்கே தளரும் என்பதை எங்கள் தோட்டப்பள்ளியில் கண்டவாறு கூறுகிறேன்.

இளம் ஆசிரியர் ஒருவர் மதிப்பெண்களைப் பதிய ஒரு நிரல் எழுதினார். மைக்ரோசாப்ட் 2006-இல் வெளியிட்ட டபிள்யூ.பி.எஃப். என்னும் கட்டமைப்பில் அமைந்தது அது. முதன்முறை இயக்கியபோது பட்டியலில் ஒரு மாணவர் பெயரும் இல்லை; 'ஸ்கூல்.ஸ்டூடன்ட்' என்றே 32 வரிகள்! பெட்டியைக் குறைகூறிப் பயனில்லை. மாணவர் என்னும் பொருளுக்குப் பெயர், வயது, மதிப்பெண் எனப் பண்புகள் பல உள. அவற்றுள் எதைக் காட்டுவதென்று எவரும் சொல்லவில்லை. எனவே, பெட்டி அப்பொருளையே எழுத்துவடிவில் தருமாறு கேட்டது. பொருளும் தன் இனப்பெயரைத் தந்தது. சிறப்புப்பெயர் அறியாவிடத்துப் பொதுப்பெயர் நிற்பது தமிழாசிரியர்க்குப் புதிதன்றே! 'டிஸ்பிளே மெம்பர் பாத்' என்னும் இடத்தில், காட்டவேண்டிய பண்பு பெயர்தான் என்று குறித்ததும் 32 பெயர்களும் வந்தன.

நிரலுக்குள் பொருளின் பண்பு மாறினாலும் பெட்டி தானே அறியாது. 'மாறிவிட்டேன்' என்று பொருள் அறிவித்தல் வேண்டும். இன்றேல் திரையில் பழையதே நிற்கும். இதை அவர் முன்பே அறிந்திருந்தார். நாங்கள் இடறியது எதிர்த்திசையில்.

ஒரு மாணவனுக்கு 48 என்று தவறாகப் பதிவாகியிருந்தது. நானே அமர்ந்து 84 எனத் திருத்தி, மேலே கருவிப்பட்டையில் இருந்த சேமிப்புப் பொத்தானை அழுத்தினேன். திரையில் 84 என்றே இருந்தது. அச்சான அறிக்கையிலோ 48! பையனின் தந்தை விடைத்தாளோடு வந்து, "சார், இதில் 84 இருக்கிறதே?" என்று தயங்கியவாறே கேட்டார். எனக்கு மறுமொழி இல்லை.

காரணம் பின்னரே விளங்கிற்று. எழுத்துப்பெட்டியில் நாம் இடுவது உடனே பொருளைச் சேர்வதில்லை. அப்பெட்டியை விட்டு வேறொன்றுக்குச் செல்லும்போதுதான் சேரும். இயல்பான ஏற்பாடு அதுவே. கருவிப்பட்டைப் பொத்தானை அழுத்துவதோ பெட்டியை விட்டுச் சென்றதாகக் கணக்கில் வருவதில்லை. ஆகவே கண்ணுக்கு 84, கோப்புக்கு 48.

ஒவ்வோர் எழுத்தும் இட்டவுடனே பொருளைச் சேருமாறு அவ்விளைஞர் அமைப்பை மாற்றினார். ஒரே சொல்லில் முடிந்த திருத்தம். அன்று மாலையே புதிய அறிக்கை அச்சிட்டு அத்தந்தையின் வீட்டுக்கு நானே எடுத்துச் சென்றேன். மறுநாள் மற்ற 31 விடைத்தாள்களையும் எடுத்து ஒப்பிட்டோம். மேலும் இரண்டு பிழைகள் அகப்பட்டன.