மொழி அறிந்தவர் வகுப்பறைக்குள் வந்தபோது

கொச்சி: பிழைப்பு தேடி வந்தோரை ஏற்றுப் பழகிய ஊர் மட்டாஞ்சேரி. இங்கு குடியேறிய கொங்கணி, குஜராத்தி சமூகத்தினர் தம் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளையே நிறுவினர். அண்மைக் காலத்தில் எர்ணாகுளம் மாவட்டத்திற்கு வந்த வங்காள, ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கு அந்த வலிமை இல்லை. அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆசிரியர் பேசுவதுதான் அவர்களுடைய குழந்தைகளுக்கு விளங்கவில்லை. விளங்காத வகுப்பில் எந்தக் குழந்தை எத்தனை நாள் அமர்ந்திருக்கும்?

இந்நிலையில்தான், 2017-இல் மாவட்ட நிர்வாகம் 'ரோஷ்ணி' திட்டத்தைத் தொடங்கியது. பினானிபுரம் அரசு உயர்நிலைப் பள்ளி அதற்கு முன்னோடியாக அமைந்தது. இந்தி, வங்காளம், ஒடியா அறிந்த தன்னார்வலர்கள் குழந்தையின் தாய்மொழியில் தொடங்கி, படிப்படியாக மலையாளத்திற்கு அழைத்துச் சென்றனர். பள்ளி நேரத்திற்கு முன்பு நடந்த இவ்வகுப்பில் காலை உணவும் வழங்கப்பட்டது. விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அது பாடத்தைவிடக் குறைந்ததல்ல.

செலவுக்குக் கைகொடுத்தது பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி. நல்ல காரியம்தான். ஆனால், இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்று மொழியாக இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29-ஆவது பிரிவில் கூறுகிறது. சட்டம் சொன்ன கடமைக்கு நன்கொடையை எதிர்பார்த்திருப்பது எந்த வகையில் நியாயம்?