வெப்பத்தைச் சுமக்கும் கடல்

சித்திரை வெயிலில் மன்னார்த் தீவின் பள்ளிமுனைக் கரையில் வெறுங்காலுடன் நடக்க முடியாது. மணல் அப்படிச் சுடும். இரண்டு எட்டு வைத்துக் கடலில் இறங்கினால் கால் குளிர்கிறது. இரண்டிலும் விழுவது ஒரே வெயில்தான். மணலில் அது மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. கடலிலோ பல மீற்றர் ஆழம்வரை ஊடுருவுகிறது; காற்றும் அலையும் அதைக் கலக்கி இன்னும் கீழே கொண்டுபோகின்றன. ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடாக்க, ஒரு கிலோ காற்றுக்கு வேண்டியதைப்போல நான்கு மடங்கு வெப்பம் வேண்டும். உலகக் கடல்களின் மேல் ஏறத்தாழ மூன்றரை மீற்றர் நீர் மட்டுமே முழு வளிமண்டலத்துக்கும் ஈடான வெப்பத்தைக் கொள்ளும்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் சேரும் காபனீரொட்சைட்டு, விண்வெளிக்குத் திரும்ப வேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கைத் தடுத்து வைக்கிறது. அந்த மிகை வெப்பம் எங்கே போகிறது? 1971 முதல் 2018 வரையான கணக்கை ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021இல் வெளியிட்டது. கடலுக்குள் போனது 91 சதவீதம். நிலத்துக்கு 5, பனியை உருக்க 3. காற்றைச் சூடாக்கியது வெறும் 1 சதவீதம்!

கடலுக்குள் போகும் வெப்பத்தை அளந்து சொல்பவற்றில் முக்கியமானவை ஆர்கோ மிதவைகள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் உலவுகின்றன. பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீற்றர் ஆழத்திலிருந்து மேலெழும்போது வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து, செய்மதிவழி அனுப்புகின்றன.

கடல் வெப்பத்தை ஏற்றுக்கொண்டதால் நாம் தப்பினோம். ஆனால் கடல் தப்பவில்லை. சூடான நீர் விரிகிறது. 1971க்குப் பிந்திய கடல்மட்ட உயர்வில் ஏறத்தாழப் பாதி இந்த விரிவால் வந்தது. மன்னார் போன்ற தாழ்ந்த தீவுக்கு ஒவ்வொரு சென்றிமீற்றரும் பெரிது. தீவின் வடக்கே உள்ள பாக்கு நீரிணை பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழம் கொண்டது. வெப்பத்தை இறக்கிவைக்க அங்கே ஆழமில்லை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழுமுன், கடல் ஓய்ந்து கிடக்கும் நாட்களில் ஆழம் குறைந்த நீர் கொதித்துப்போகிறது. அப்போது முருகைக்கற்கள் தம்முள் வாழ்ந்து உணவளிக்கும் பாசிகளை இழந்து வெளிறுகின்றன. 2016இல் மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையிலும், தெற்கே கற்பிட்டிக்கு அப்பாலும் முருகைகள் பெருமளவில் மடிந்தன. முருகை அழிந்தால் மீன் தங்க இடமில்லை. அந்த இழப்பு வலையில் தெரியும்.

புயலுக்கும் உணவு இந்த வெப்பந்தான். 2020 டிசெம்பரில் புரெவி புயல் திருகோணமலைப் பக்கம் கரையேறி, வடக்கைக் கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கியதை இங்குள்ளோர் அறிவர். கடல் சூடேறச் சூடேற, புயல்கள் அள்ளிவரும் மழையும் கூடுகிறது.

ஆழத்துக்குப் போன வெப்பம் எளிதில் வெளியேறாது. இன்றே புகையை நிறுத்தினாலும் கடல்மட்டம் நூற்றாண்டுகளுக்கு உயர்ந்துகொண்டே இருக்கும். எவ்வளவு உயரும் என்பது மட்டும் இன்னும் நம் கையில் இருக்கிறது. அதிகம் எரித்தவை பெரிய நாடுகள். முதலில் குறைக்க வேண்டியவையும் அவையே. அதை உரத்துக் கேட்கும் உரிமை பள்ளிமுனை போன்ற கரையோர ஊர்களுக்கு உண்டு.