செல்சி நறுமணக் குப்பிகள்

செல்சி நறுமணக் குப்பிகள் என்பன 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டனில் செய்யப்பட்ட, உருவங்களாக வடிக்கப்பட்ட சிறு பீங்கான் குப்பிகள் ஆகும். செல்சித் தொழிற்சாலையின் பெயரால் அறியப்பட்டாலும், இவற்றுள் ஒரு பகுதி வேறொருவரால் செய்யப்பட்டது என்பது 20 ஆம் நூற்றாண்டிலேயே தெளிவானது.

அமைப்பும் பயன்பாடும்

இக்குப்பிகள் உள்ளங்கையில் அடங்கக்கூடியவை. மன்மதன், இடையர், கோமாளி, பறவை, பழம், மலர்க்கொத்து முதலிய வடிவங்களில் இவை அமைந்தன. பல குப்பிகளில் உருவத்தின் தலையே மூடியாகும். கழுத்தில் பொன்பூண் இடப்பட்டிருக்கும். காதலைக் குறிக்கும் பிரெஞ்சு வாசகங்கள் பலவற்றில் எழுதப்பட்டுள்ளன. இவற்றில் எழுத்துப்பிழைகள் மிகுதி. செல்வர்கள் இவற்றை நறுமணத் தைலம் வைத்துக்கொள்ளவும் காதல் பரிசாக வழங்கவும் பயன்படுத்தினர். அக்கால ஆங்கிலத்தில் இத்தகைய சிறு அணிப்பொருட்கள் "பொம்மைகள்" எனப்பட்டன. எனினும் இவை சிறுவர்க்கானவை அல்ல.

வரலாறு

செருமனியின் மைசென் தொழிற்சாலை 1710 இல் தொடங்கப்பட்டது. அது வெண்களிமண்ணைக் கொண்டு வன்பீங்கான் செய்தது. செல்சித் தொழிற்சாலை 1740களின் நடுப்பகுதியில் தோன்றியது. இதனை நடத்திய நிக்கோலஸ் ஸ்ப்ரிமான்ட் ஒரு வெள்ளிக் கொல்லர். இங்கு கண்ணாடித் தூள் போன்ற பொருட்கள் கலந்த மென்பீங்கான் பயன்பட்டது. 1754 டிசம்பரில் இத்தொழிற்சாலையின் குப்பிகளும் பொடிப்பெட்டிகளும் ஏலத்தில் விற்கப்பட்டன. தொழிற்சாலை 1784 இல் மூடப்பட்டது.

செய்தவர் யார்?

ஒரு வகைக் குப்பிகள் மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருந்தன. இவற்றின் பீங்கானில் ஈய ஆக்சைடு மிகுதியாக இருந்தது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, ஊஞ்சலில் அமர்ந்த பெண்ணின் சிலையும் இவ்வகையைச் சேர்ந்தது. செய்தவர் பெயர் தெரியாததால் இவை "ஊஞ்சற்பெண்" வகை எனப்பட்டன.

விடை பிரான்சில் கிடைத்தது. பிரெஞ்சு வேதியியலாளர் ஜான் எல்லோ 18 ஆம் நூற்றாண்டில் எழுதிய குறிப்பொன்றை பெர்னார்ட் திராகெஸ்கோ 1993 இல் வெளியிட்டார். சார்ல்ஸ் கூயின் என்பவர் இலண்டன் செயின்ட் ஜேம்சில் உள்ள தம் இல்லத்தில் அழகிய சிறு பீங்கான் உருவங்களைச் செய்தார் என்பதை அக்குறிப்பு காட்டியது. கூயின் ஒரு நகை வணிகர். செல்சியின் தொடக்ககாலப் பங்காளியாக இருந்து பின்னர் விலகியவர்.

போலிகள்

19 ஆம் நூற்றாண்டில் பாரிசின் சாம்சன் நிறுவனம் இக்குப்பிகளைப் போன்றவற்றை வன்பீங்கானில் செய்தது. அவற்றில் பல, செல்சியின் பொன் நங்கூரக் குறியைத் தாங்கியுள்ளன. மூலக் குப்பிகளிலோ பெரும்பாலும் குறி இருப்பதில்லை. எனவே குறியை மட்டும் கொண்டு ஒரு குப்பியின் தோற்றத்தை முடிவு செய்ய இயலாது. பீங்கானின் தன்மையையும் ஆராய வேண்டும்.