ஒரு பொருளுக்குப் பல சொற்கள்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று மொழிகளுக்கிடையே வளர்கின்றனர். வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். சாலைக் கடைவீதியில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர்; நமக்கு அது கரைபுரண்டோடும் பெருக்கு. இங்கு 'அவசரம்' என்பது வாய்ப்பு. நமக்கோ அது விரைவு. சொல் ஒன்றாயினும் பொருள் வேறாகலாம் என்பதை இப்பிள்ளைகள் ஏட்டைப் புரட்டாமலே அறிந்துகொள்கின்றனர். ஆனால், பொருள் ஒன்றாகத் தோன்றினும் சொற்கள் ஒன்றல்ல என்னும் மற்றோர் உண்மையை, ஆங்கிலம் பயிலுங்கால் பலர் மறந்துவிடுகின்றனர்.

எமக்குத் தெரிந்த மாணவர் ஒருவரின் தந்தைக்கு வியாபாரத்தில் பணமுடை நேர்ந்தது. கல்லூரிச் சம்பளம் கட்ட ஒரு மாதத் தவணை வேண்டி மாணவர் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினார். 'ஆஸ்க்' என்னும் சொல் மிக எளிதென்று கருதி, ஒருபொருட் சொற்களைத் தொகுத்த நூலொன்றைப் புரட்டி, அங்கே கண்ட 'டிமாண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தார். விண்ணப்பம் திரும்பி வந்தது. பணிந்து கேட்க நினைத்தவர், அதட்டிக் கேட்டவராகிவிட்டார்! 'ரிக்வெஸ்ட்' என்று திருத்தி எழுதிய பின்னரே தவணை கிடைத்தது. அதற்குள் அக்குடும்பம் பட்ட கவலை சிறிதன்று.

இம்மாணவருக்கு வேண்டியிருந்த பாடம் தொல்காப்பியத்திலேயே உள்ளது. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒரு பொருளை வேண்டிக் கேட்கும் சொற்களே. எனினும், தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்கையில் 'ஈ' என்பான். ஒத்தவனிடம் 'தா' என்பான். உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்கையில் 'கொடு' என்பான் என்று அந்நூல் வகுத்துரைக்கிறது. ஆங்கிலத்தின் 'பெக்', 'ஆஸ்க்', 'ரிக்வெஸ்ட்', 'டிமாண்ட்' ஆகியவற்றுக்கும் இவ்வாறே தனித்தனி இடம் உண்டு. யார், யாரிடம், எந்த நிலையில் கேட்கின்றார் என்பதைக் கொண்டே சொல் அமையும்.

ஒருபொருட் சொற்களைத் தொகுப்பதும் நமக்குப் புதிதன்று. ஆங்கிலேய மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜெட், சொற்களைப் பொருள்வாரியாக அடுக்கிய தம் புகழ்மிக்க நூலை 1852இல் வெளியிட்டார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் தமிழில் எழுந்துவிட்டன. திவாகரத்தின் 12 தொகுதிகளில் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பெயர்கள் பொருள்வாரியாகவே நிற்கின்றன. திண்ணைப் பள்ளிகளில் நம் முன்னோர் நிகண்டை மனப்பாடம் செய்தனர். ஆயின் அத்துடன் அவர்கள் நின்றாரல்லர். இலக்கியங்களையும் பயின்றமையால், எச்சொல் எவ்விடத்தில் வரும் என்பதையும் உணர்ந்தனர். பட்டியல் சொல்லைத் தரும். பயிற்சியே அதன் இடத்தைத் தரும்.

சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். செலவைக் குறைத்து வாழ்பவரைத் 'திரிஃப்டி' என்றால் அது பாராட்டு. 'ஸ்டிஞ்சி' என்றால் பழிப்பு. சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வேறுபாடே அது. 'லுக்' என்பது பொதுவாகப் பார்த்தல். அலுவலகத்தில் கடிகாரத்தை ஒரு கணம் பார்த்துத் திரும்புவது 'கிளான்ஸ்'. பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்தை வியந்து நெடுநேரம் நோக்கி நிற்பது 'கேய்ஸ்'. பேருந்தில் முன்பின் அறியாதவரைக் கண்கொட்டாமல் பார்ப்பது 'ஸ்டேர்', அது நாகரிகமன்று. சொற்களுக்குள் நட்பும் உண்டு. பலத்த மழை என்போம். பலத்த தேநீர் என்று சொல்லோம். ஆங்கிலேயனும் மழைக்கு 'ஹெவி' என்பதையும், தேநீருக்கு 'ஸ்ட்ராங்' என்பதையுமே சேர்ப்பான். மாற்றிச் சேர்த்தால் கேட்போர் நகைப்பர்.

அரிய சொற்களை அறிய விரும்புவதும் தவறன்று. திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் 2009 முதல் 2024 வரை நடந்த நான்கு பொதுத்தேர்தல்களிலும் வென்ற சசி தரூர், 2017இல் 'ஃபராகோ' என்னும் சொல்லை எழுதப்போய், பலரும் அகராதியைத் தேடினர். 2020இல் வெளிவந்த அவரது நூலொன்று 53 சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் வரலாற்றையும் வழக்கையும் விளக்குகிறது. பல இளைஞர் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கத்தை விட்டுவிடுகின்றனர். அதுவே பிழை.

நம் வீடுகளில் செய்யத்தக்கது எளிது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆங்கிலச் சொல், அதற்கு நேரான தமிழ்ச்சொல், அதனை ஒத்த சொற்களினின்று அது வேறுபடும் இடம், பிள்ளை தானே அமைத்த வாக்கியம் ஆகிய நான்கையும் எழுதச் செய்க. வாக்கியம் வீட்டு நிகழ்ச்சியாக இருத்தல் நலம். பாட்டியின் மருந்தும் தம்பியின் குறும்பும் அதில் வரட்டும். தன் வாழ்விலிருந்து பிறந்த வாக்கியம் எளிதில் மறவாது.

இதற்குத் துணையாகச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி உள்ளது. இளமையில் இந்நகரில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திய எஸ். வையாபுரிப் பிள்ளை அவர்கள் 1926 முதல் அதன் பதிப்பாசிரியராய் இருந்து உழைத்தார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தரப்பட்டிருப்பதோடு, இலக்கிய மேற்கோள்களும் உண்டு. இன்று இணையத்திலும் அதனைப் பார்க்கலாம். பிள்ளை தானறிந்த தமிழ்ச்சொல்லைத் தேடினால், அதற்குரிய ஆங்கிலச் சொற்கள் வரிசையாய்க் கிடைக்கும்.

ஆங்கிலத்தின் பொருட்டுத் தமிழைக் குறைக்க வேண்டுமென்று எண்ணும் பெற்றோர் சிலர் உளர். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்று தாய்மொழியில் உணர்ந்த பிள்ளையே பிறமொழியிலும் அந்நுட்பத்தைத் தேடும். ஆதலின் தமிழை விடாது பயிற்றுவிப்போம். ஆங்கிலம் அதன்மேல் உறுதியாய் எழும்.