உவர்க் கிணற்றில் ஒரு தேர்வு

வற்றாத ஆறில்லாத நம் குடாநாட்டுக்குக் கிணறே கதி. ஒரு வளவில் நன்னீர் ஊறும். கடலை அண்டிய இன்னொரு வளவில் உவர்நீர் ஊறும். நாம் குடிக்க விரும்பாத அந்த உவர்நீரில் டெங்கு நுளம்பும் பெருகாது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். பூச்சாடியிலும் சிரட்டையிலும் தேங்கும் நன்னீரே அதற்கு உகந்ததென நூல்களும் கூறின.

2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. இலங்கைக் கரையோரங்களில் கைவிடப்பட்ட கிணறுகள், பழைய வள்ளங்கள், எறிந்த போத்தல்கள் ஆகியவற்றிலிருந்த உவர்நீரில் டெங்கு நுளம்பின் குடம்பிகள் காணப்பட்டன. லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் அவை இருந்தன. கடல்நீரில் உள்ள உப்போ ஏறக்குறைய 35 கிராம்.

நுளம்பு உப்பைப் பழகிக்கொண்டதா? மாணவர் பலர் அவ்வாறே விடை எழுதுவர். ஆனால் நிகழ்வது வேறு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே வார்ப்பாய் இருப்பதில்லை, குடம்பிகளும் அப்படியே. சில மாத்திரம் உப்பைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். உவர்நீரில் ஏனையவை மடிய, அவை எஞ்சி இனம் பெருக்கும். அத்தன்மை வழிவழியாக இறங்கும். நுளம்புக்குத் தலைமுறை என்பது சில வாரங்களே. ஆதலால் மாற்றம் விரைவில் தெரிகிறது. 1859இல் டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வு இதுவே.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோபிள் சுரேந்திரனும் ரஞ்சன் இராமசாமியும் அவர்தம் குழுவினரும் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். உவர்நீர் நுளம்புகளின் குடம்பிகள் நன்னீர்க் குடம்பிகளைவிட அதிக உப்பைத் தாங்குவதையும், அவற்றின் புறத்தோல் தடித்திருப்பதையும் கண்டனர்.

மருந்தும் இவ்வாறே தேர்வு செய்யும். மலேரியாவைப் பரப்பும் வேறொரு நுளம்பை ஒழிக்க இலங்கையெங்கும் டி.டி.ரி. தெளித்தோம். 1963இல் நோயாளர் 17 பேராகக் குறைந்தனர். தெளிப்பு நின்றபின் நோய் மீண்டும் பரவிற்று. மறுபடி தெளித்தபோது, மருந்தைத் தாங்கும் நுளம்புகள் மலிந்திருந்தன. 1977இல் மலத்தியோனுக்கு மாற நேர்ந்தது.

ஆகவே மருந்தொன்றையே நம்பியிருத்தல் தகாது. சாடியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டைகள் உலர்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்குமாதலால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கோடிப்புறத்துப் பாழ்ங்கிணற்றை வலையிட்டு மூடுங்கள். “உவர்த் தண்ணீர்தானே” என்று இனி எவரும் வாளாவிருக்க வேண்டாம்.