கஷாயத்துக்கு முன்னால் கீரை

மாதவிடாய் இரண்டு மாதம் தள்ளிப்போன பெண் நாட்டு மருந்துக் கடைக்குப் போய், "நீர்க்கட்டிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால், கழற்சிக்காய்ப் பொடி ஒரு பொட்டலம் கைக்கு வந்துவிடும். மிளகோடு சேர்த்து வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்லி யோசனையும் கிடைக்கும். ஸ்கேன் எடுத்தாயிற்றா, தைராய்டு பார்த்தாயிற்றா, ஒருவேளை கர்ப்பமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்தக் கசப்பைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும் பெண், பல சமயம் மதியச் சாப்பாட்டில் கீரையைத் தொட்டே ஒரு வாரம் ஆகியிருக்கும்.

மூலிகைக்கும் உணவுக்கும் பெண்களின் ஹார்மோன் நலத்தில் இடம் உண்டு. ஆனால் நாம் அவற்றின் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். முதலில் வர வேண்டியவை சாப்பாடும் தூக்கமும் நடையும். அதன் பிறகு, தேவைப்பட்டால், மருந்து. கஷாயமும் சூரணமும் மருந்துக் கணக்கில்தான் சேரும்.

மாதக் கணக்கு எங்கே பிசகுகிறது

சென்னையின் மேற்கே நம் ஆவடியும் அம்பத்தூரும் 1960களிலிருந்து ஷிஃப்டுக்கு எழுந்து ஷிஃப்டுக்குத் தூங்கும் ஊர்கள். டேங்க் ஃபேக்டரி ஒரு பக்கம், அம்பத்தூர் எஸ்டேட் இன்னொரு பக்கம். இன்று எஸ்டேட்டின் பழைய பட்டறைகளுக்கு நடுவே ஐ.டி. கட்டடங்களும் எழுந்துவிட்டன. வேலைக்கு ஓடும் பெண்ணுக்குக் காலைச் சாப்பாடு டீயும் பன்னும். இரவில் வீடு திரும்பும்போது பரோட்டா. நைட் ஷிஃப்ட் என்றால் தூக்கமும் துண்டு துண்டு.

உடம்புக்குள் நடப்பது இதுதான். மைதாவும் சர்க்கரையும் அடிக்கடி உள்ளே போனால், தூக்கம் கெட்டால், இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால், இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்பதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனை அதிகமாக உண்டாக்குகிறது. ஆண்ட்ரோஜனைக் கட்டி வைத்திருக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் சுரப்பதையும் அது குறைத்துவிடுகிறது. முட்டை முதிர்வது பாதியில் நிற்கிறது. மாதவிடாய் தள்ளிப்போகிறது, முகத்தில் பருவும் முடியும் வருகின்றன. ஸ்கேனில் தெரிவது பாதியில் நின்ற இந்தச் சிறு முட்டைப்பைகள்தான். அறுத்து எடுக்க வேண்டிய கட்டி என்று பயப்பட வேண்டாம். நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பி.சி.ஓ.எஸ். வருவதில் பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. ஒல்லியான பெண்களுக்கும் வரும். ஆகவே, "நீ சாப்பிடுறதுதான் காரணம்" என்று மகளைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்குப் பி.சி.ஓ.எஸ். இருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் வரை தமக்கு இருப்பதே தெரியாதவர்கள். எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது. 70 கிலோ இருப்பவருக்கு அது மூன்றரையிலிருந்து ஏழு கிலோ.

பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள் கருவுற்றால் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பும் கூடுதல். 75 கிராம் குளுகோஸைக் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் எளிய பரிசோதனையை நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தவர் சென்னையின் டாக்டர் வி.சேஷய்யா. அளவு 140ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். கர்ப்பம் தெரிந்தவுடனேயே இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஆடிக் கூழும் தை மொச்சையும்

ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் திருவேற்காடு கருமாரியம்மன் தொடங்கி நம் தெருமுனை அம்மன் வரை கூழ் ஊற்றாத கோயில் இல்லை. கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய் போட்டுக் காய்ச்சி, வெங்காயமும் மோரும் சேர்த்து, கூடவே முருங்கைக்கீரைப் பொரியல். வீட்டில் என்றால் கருவாட்டுக் குழம்பு. ஒரு பெண்ணுக்குத் தேவையான பலவற்றை இந்த ஒரு வேளையில் வைத்துவிட்டார்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் சுமார் 120 மில்லிகிராம்தான்.

வருடத்தில் ஒரு மாதம் மட்டும் கோயிலில் வாங்கிக் குடித்துவிட்டு மற்ற பதினோரு மாதமும் அதை மறந்துவிடுகிறோம். வாரம் இரண்டு மூன்று வேளை கேழ்வரகோ கம்போ வீட்டில் இருக்கட்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. "கேழ்வரகு சர்க்கரையை ஏற்றாது" என்பது பாதி உண்மை. நைசாக அரைத்த மாவை நீர்க்கக் கஞ்சியாக்கி, வெல்லம் போட்டுக் குடித்தால் ரத்தச் சர்க்கரை நன்றாகவே ஏறும். கெட்டியான களியாகவோ கீரை அடையாகவோ செய்து, பக்கத்தில் கடலையோ முட்டையோ இருந்தால் ஏற்றம் நிதானமாக இருக்கும்.

உளுந்தங்களிக்கும் இதே கணக்கு. வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்து, நல்லெண்ணெய், கருப்பட்டி என்று பாட்டிமார்கள் கொடுத்தது வளரும் உடம்புக்குப் புரதமும் கொழுப்பும் சேர்த்த நல்ல உணவு. அன்று அந்தப் பெண்கள் குடம் தூக்கினார்கள், நாற்று நட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கும், எடை கூடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தினமும் கருப்பட்டி குழைத்த களி கொடுத்தால் நீர்க்கட்டி கரையாது. கருப்பட்டியும் சர்க்கரைதான். உளுந்தை இட்லியாக, அடையாக, தோல் உளுந்துச் சாதமாகக் கொடுக்கலாம்.

பருவத்துக்குப் பருவம் மலிவாகக் கிடைப்பதை வாங்குவதே போதும். சித்திரையில் நுங்கும் வெள்ளரியும். ஆனி, ஆடியில் நாவல். மார்கழி, தையில் பச்சை மொச்சையும் அவரையும் பனங்கிழங்கும். குளிர் மாதங்களில் நெல்லிக்காய். மொச்சையின் புரதமும் பனங்கிழங்கின் நாரும் பசியை நெடுநேரம் அடக்கி, இன்சுலினை அலைக்கழிக்காமல் வைக்கின்றன. விலை உயர்ந்த விதைகளை ஆன்லைனில் தேடி வாங்குவோரைப் பார்க்கிறேன். நம் எள்ளும் நிலக்கடலையும் என்ன குறைந்துவிட்டன?

ரத்தம் குறைந்த உடம்பு

ஹார்மோன் என்று பேசும்போது ரத்தசோகையை மறந்துவிடுகிறோம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. களைப்பு, முடி உதிர்வு, படியேறினால் மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் "ஹார்மோன் பிரச்சினை" என்று சொல்லிக் கொண்டிருப்பவர்களில் பலருக்குக் குறைவது ஹீமோகுளோபின்.

முருங்கைக்கீரை, அரைக்கீரை, சுண்டல், எள் எல்லாவற்றிலும் இரும்புச்சத்து உண்டு. ஆனால் தாவர இரும்பு உடம்பில் எளிதில் சேராது. எலுமிச்சை பிழிந்தாலோ, நெல்லிக்காய் ஒன்று கடித்தாலோ சேர்வது கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் வெகுவாகக் குறையும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். ஹீமோகுளோபின் மிகவும் இறங்கிவிட்டால் கீரையால் மட்டும் மீட்க முடியாது. இரும்பு மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

மொட்டை மாடியில் எதை வைக்கலாம்

ஆவடிப் பக்கம் மாடித்தோட்டம் போடுபவர்களுக்கு மூன்று தொல்லைகள்: பல தெருக்களில் போர் தண்ணீரின் உப்பு, கத்தரி வெயில், ஐப்பசி-கார்த்திகை மழை. தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்தால் அது உப்பு. மழைநீரையும், அரிசி களைந்த நீரையும் நடுநடுவே ஊற்றலாம். கோடையில் பச்சை நிழல்வலை வேண்டும். அடைமழைக் காலத்தில் புதிதாகக் கீரை விதைப்பது வீண். மழை ஓய்ந்த மார்கழியில் தூவினால் 25, 30 நாளில் சிறுகீரை கைக்கு வரும். மானிய விலையில் மாடித்தோட்டத் தளை (கிட்) விற்கும் திட்டத்தைத் தோட்டக்கலைத் துறை 2013-14லிருந்து நடத்திவருகிறது. இந்த ஆண்டு கிடைக்கிறதா என்று துறையின் அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

முதல் தொட்டி முருங்கைக்கு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 ரகத்தை ஒரு பழைய டிரம்மில் வைத்து, மூன்றடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் காய்க்கு ஆசைப்படாமல் வருடம் முழுக்க இலை பறிக்கலாம். அடுத்து கறிவேப்பிலை. கடையில் வாங்கிய புதினாக் கட்டில் மிஞ்சும் தண்டை ஈர மண்ணில் செருகினாலே துளிர்க்கும். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயத்தைத் தூவினால் மூன்று நான்கு வாரத்தில் வெந்தயக்கீரை. பிரண்டைக்குப் பராமரிப்பே வேண்டாம், ஒரு கணுவை ஊன்றிவிட்டு மறந்துவிடலாம். துவையலுக்கு நறுக்கும்போது மட்டும் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அரிக்கும். நன்றாக வதக்கிப் புளி சேர்ப்பதும் அதற்காகத்தான்.

இவற்றில் புதினாவைப் பற்றிச் சுவையான ஆராய்ச்சி ஒன்று உண்டு. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்கு இங்கிலாந்தில் 30 நாள், நாளுக்கு இரண்டு வேளை ஸ்பியர்மின்ட் வகைப் புதினா டீ கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2010இல் வெளியானது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. ஆனால் முகமுடியை அளந்து பார்த்ததில் மாற்றம் இல்லை. பங்கேற்றவர்கள் நாற்பது பேர் சொச்சம்தான். பால் டீக்குப் பதில் புதினா டீ குடியுங்கள், சர்க்கரையாவது மிச்சம். மருந்தை நிறுத்திவிட்டுக் குடிக்காதீர்கள்.

இஞ்சிக்குச் சான்று இன்னும் வலுவானது. மாதவிடாய் தொடங்கும் முதல் மூன்று நான்கு நாள், சுக்குப்பொடி நாளொன்றுக்கு முக்கால் கிராமிலிருந்து இரண்டு கிராம் வரை எடுத்தவர்களுக்கு வயிற்றுவலி குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டின. சுக்குமல்லிக் காபி குடிக்கச் சொன்ன அம்மாக்கள் தப்புச் சொல்லவில்லை.

தொட்டியில் வளர்ந்தாலும் மருந்து மருந்துதான்

கைப்பிடி வெந்தயக்கீரையைப் பருப்பில் போட்டால் அது உணவு. அதே வெந்தயத்தைத் தினமும் கரண்டிக் கணக்கில் பொடியாக விழுங்கினால் அது மருந்து, சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையைத் தாழ்த்திவிடக் கூடும். கர்ப்பிணிகளுக்கு அந்த அளவு ஆகாது. சோற்றுக்கற்றாழையின் மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் கடும் பேதி உண்டாக்கும். அதைக் கழுவாமல் ஜூஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். செம்பருத்திப் பூ கருப்பைக்கு நல்லது என்று தினமும் குடிப்பவர்களில் குழந்தைக்காகக் காத்திருப்போரும் உண்டு. எலிகளிடம் நடந்த ஆய்வுகளில் செம்பருத்திப் பூச் சாறு கரு தங்குவதைத் தடுத்திருக்கிறது. கருவுற முயல்கிறவர்கள் பூவைத் தலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

மன அழுத்தத்துக்கு என்று இப்போது எல்லாரும் வாங்கும் அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடியது. அரிதாகக் கல்லீரலையும் தாக்கியிருக்கிறது. டென்மார்க் 2023இல் அதை உணவுப் பொருட்களில் தடைசெய்தது. கழற்சிக்காய் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக வீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் பயன்படுவது உண்மை. ஆனால் நீர்க்கட்டியை அது கரைக்கும் என்பதற்குப் பெண்களிடம் நடந்த பெரிய, உறுதியான ஆய்வு எதையும் காட்ட முடியாது.

சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் படித்த சித்த மருத்துவரிடமே போகலாமே? அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005லிருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. நாடி பிடித்து, வேண்டிய பரிசோதனையும் எழுதித் தருவார்கள். பஸ்பம், செந்தூரம் போன்றவற்றை அவர்கள் கை வழியாக அல்லாமல் தொடவே கூடாது.

தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும்

தைராய்டு குறைவுக்கு மூலிகை மாற்று கிடையாது. மாத்திரை வேலை செய்யாமல் போவதற்குப் பாதிக் காரணம் நம் காலை நேரப் பழக்கம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கும் டிபனுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடவேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி. முட்டைக்கோஸ் ஆகாது என்று ஒதுக்கத் தேவையில்லை, வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம். சமையலுக்கு அயோடின் உப்பு.

நாற்பதைத் தாண்டியவர்கள்

மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் வேகமாகக் கரைகிறது. கேழ்வரகு, எள், கீரை, மோர், சின்ன மீன் எல்லாம் அப்போது இரட்டிப்பாக வேண்டும், இளங்காலை நேரத்தில் ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அரை மணி நேர நடையும். நடப்பதோடு நிற்காமல் தண்ணீர் பாட்டிலையாவது கையில் தூக்கிப் பயிற்சி செய்யுங்கள், எலும்பு சுமையைத் தாங்கித்தான் உறுதிப்படும்.

டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

மாதவிடாய் 21 நாளுக்குள் திரும்ப வந்தாலோ, 35 நாளுக்கு மேல் அடிக்கடி தள்ளினாலோ, வருடத்துக்கு எட்டு முறைக்கும் குறைந்தாலோ தாமதிக்க வேண்டாம். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டும் கொஞ்சம் முன்பின் ஆவது இயல்பு. மூன்று மாதம் வராமலே இருந்தால் கர்ப்பப் பரிசோதனையிலிருந்து தொடங்க வேண்டும். நெடுநாள் வராமல் இருந்தால் கருப்பை உள்சவ்வு தடித்து, பின்னாளில் புற்றுநோய்க்கும் இடம்கொடுக்கும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் அந்த வாரமே காட்டுங்கள். "சூடு" என்று மோர் குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள்.

போகும்போது கடைசி ஆறு மாதவிடாய்த் தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என்ன பொடி, என்ன கஷாயம் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். டாக்டர் திட்டுவாரே என்று மறைக்க வேண்டாம்.